மின் அளவீடும் பேட்டரிப் பாதுகாப்பும்

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை போன்றவற்றைக் கருவிகளால் அளந்தறியும் முறை மின் அளவீடு எனப்படும். பேட்டரி சூடேறுவது, வீங்குவது, தீப்பற்றுவது, வெடிப்பது ஆகியவற்றைத் தடுக்கும் ஏற்பாடுகளின் தொகுப்பே பேட்டரிப் பாதுகாப்பு. இவ்விரண்டும் தனித்தனித் துறைகளாகத் தோன்றினாலும் இன்றைய லித்தியம் அயனி பேட்டரியில் இவற்றைப் பிரிக்க இயலாது. மூடிய உறைக்குள் நடக்கும் வேதிவினையைக் கண்ணால் பார்க்க முடியாது. வெளியிலிருந்து எளிதில் அறியக்கூடியவை மூன்று: மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை. இவற்றைச் சரியாக அளப்பதே முதல் காப்பு. அளவீட்டுக்கு எட்டாத கோளாறுகளும் உண்டு. அவற்றுக்கு மின்கலத்தின் உள்ளமைப்பிலேயே காப்பு வைக்க வேண்டியிருக்கிறது. இந்த இருவகைக் கண்டுபிடிப்புகளும் உருவான விதத்தையும் செயல்படும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. இதில் மின்கலம் என்பது ஒரு தனிக் கலத்தையும், பேட்டரி என்பது ஒன்று அல்லது பல மின்கலங்கள் கொண்ட முழு அமைப்பையும் குறிக்கும்.

பேட்டரியிலிருந்து பிறந்த அளவீடு

இத்தாலியரான அலெசாண்ட்ரோ வோல்டா 1800 ஆம் ஆண்டு தம் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் மின்னோட்டத்தைத் தொடர்ச்சியாகப் பெற வழியில்லை. கிடைத்த மின்னோட்டத்தை அளக்கவும் அப்போது கருவி இல்லை. 1820 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி விலகுவதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஜெர்மானியரான யோகான் ஷ்வைகர், கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றினால் ஊசியின் விலக்கம் பெருகும் என்று காட்டினார். கால்வனோமீட்டர் இவ்வாறு உருவாயிற்று.

ஜெர்மானியரான கியோர்க் சைமன் ஓம் இத்தகைய கருவியைக் கொண்டு கம்பிகளின் மின்தடையை ஆராய்ந்தார். தொடக்கத்தில் அவருடைய அளவீடுகள் நிலையாக இல்லை. மின்னோட்டம் எடுக்க எடுக்க வோல்டா வகை மின்கலத்தின் மின்னழுத்தமே மாறிக்கொண்டிருந்தது. போகென்டார்ஃப் என்ற அறிவியலாளரின் ஆலோசனைப்படி அவர் மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். அதன் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தபோது மாறாத மின்னழுத்தம் கிடைத்தது. அதன் பின்னரே ஓம் விதி தெளிவாகப் புலப்பட்டது. அவருடைய நூல் 1827 இல் வெளிவந்தது.

ஓமுக்குத் தொல்லை தந்த மின்கலத்தின் அந்தக் குணமே இன்று பேட்டரியின் உடல்நிலையைக் காட்டும் முக்கிய அடையாளமாக விளங்குகிறது. அதில் பெரும்பங்கு வகிப்பது அக மின்தடை.

அக மின்தடை

எந்த மின்கலமும் தன்னுள் சிறிது மின்தடை கொண்டது. சுமை இணைக்காதபோது ஒரு மின்கலம் 3.70 வோல்ட் காட்டுகிறது எனக் கொள்வோம். அதிலிருந்து 2 ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தவுடன் அது 3.60 வோல்ட்டாகக் குறைகிறது. குறைந்த 0.10 வோல்ட்டை 2 ஆம்பியரால் வகுத்தால் அக மின்தடை 0.05 ஓம் என்று கிடைக்கும்.

மின்தடையில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1841 இல் வெளியிட்டார். மேற்கண்ட மின்கலத்தில் 2 ஆம்பியருக்கு 0.2 வாட் வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் பத்து மடங்காகி 20 ஆம்பியரானால் வெப்பம் நூறு மடங்காகி 20 வாட் ஆகும். கைவிரல் அளவுள்ள மின்கலத்துக்கு இது மிகப் பெரிய வெப்பம். மின்கலம் பழசாகும்போது அக மின்தடை கூடுவதால் அதே வேலைக்கு முன்னைவிட அதிகமாகச் சூடாகும். பழைய பேட்டரி விரைவில் சூடேறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

துல்லிய அளவீட்டின் வளர்ச்சி

19 ஆம் நூற்றாண்டில் தந்தித் தொழில் பரவியபோது நீண்ட கம்பிகளில் மின்தடையைத் துல்லியமாக அளக்கும் தேவை எழுந்தது. ஆங்கிலேயரான சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி 1833 இல் விவரித்த சமனச்சுற்றைச் சார்ல்ஸ் வீட்ஸ்டோன் 1843 இல் மேம்படுத்திப் பரப்பினார். அது அவர் பெயராலேயே வீட்ஸ்டோன் சமனச்சுற்று என வழங்குகிறது. தெரியாத மின்தடையைத் தெரிந்த மின்தடைகளோடு ஒப்பிட்டு, கால்வனோமீட்டரில் விலக்கம் சுழியாகும் நிலையைத் தேடுவது இதன் முறை. ஊசி எவ்வளவு விலகியது என்பதை அளக்க வேண்டியதில்லை. விலகவில்லை என்பதை அறிந்தாலே போதும்.

1880களில் பிரான்சில் தார்சோன்வாலும் டெப்ரேயும் நிலையான காந்தத்தின் இடையே சுழலும் சுருளைக் கொண்ட கால்வனோமீட்டரை அமைத்தனர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வர்டு வெஸ்டன் இதனை எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய, முள்ளும் அளவுகோலும் கொண்ட கருவியாக்கினார். வெப்பநிலை மாறினாலும் மின்தடை ஏறக்குறைய மாறாத உலோகக் கலவைகளையும் அவர் உருவாக்கினார். அவற்றுள் ஒன்றான மாங்கனின் இன்றும் மின்னோட்ட அளவீட்டில் பயன்படுகிறது.

1893 இல் அவர் காட்மியமும் பாதரசமும் கொண்ட ஒரு மின்கலத்தை உருவாக்கினார். 20 டிகிரி செல்சியஸில் இது சுமார் 1.0183 வோல்ட் தரும். பல ஆண்டுகள் ஆனாலும் அந்த அளவு மிகச் சிறிதே மாறும். 1911 முதல் உலகின் மின்னழுத்த அளவுக்கு வெஸ்டன் மின்கலமே மேற்கோளாக இருந்தது. அதிலிருந்து மின்னோட்டம் எடுக்கக்கூடாது என்பது இதன் நிபந்தனை. எடுத்தால் ஓம் சந்தித்த அதே சிக்கல் எழும். 1990 இல் ஜோசப்சன் விளைவை அடிப்படையாகக் கொண்ட முறை இதன் இடத்தைப் பிடித்தது.

மூன்று அளவுகளும் உணர்விகளும்

இன்றைய பேட்டரிகளில் இந்தப் பழைய கண்டுபிடிப்புகளின் வாரிசுகள் சிறு சில்லுகளாக இடம்பெற்றுள்ளன.

மின்னழுத்தம்: பரவலாகப் புழங்கும் லித்தியம் அயனி மின்கலத்தை 4.2 வோல்ட் வரை மின்னேற்றலாம். இதில் அனுமதிக்கப்படும் பிழை ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். இவ்வளவு துல்லியமாக அளக்க, சில்லுக்குள் மாறாத ஒரு மேற்கோள் மின்னழுத்தம் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் விட்லர் வடிவமைத்த சுற்று இதற்கு வழிவகுத்தது. சிலிக்கானின் இயல்பிலிருந்தே சுமார் 1.2 வோல்ட்டை அது பெறுகிறது. வெப்பநிலையால் ஏற்படும் மாற்றத்தை ஒன்றுக்கொன்று எதிரான இரு விளைவுகளைக் கூட்டிச் சரிசெய்கிறது. வெஸ்டன் மின்கலம் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலையை இச்சுற்று கைப்பேசிக்குள் செய்கிறது.

மின்னோட்டம்: மின்னோட்டப் பாதையில் ஷண்ட் எனப்படும் மிகச் சிறிய மின்தடை வைக்கப்படுகிறது. 0.0001 ஓம் மின்தடையில் 100 ஆம்பியர் பாய்ந்தால் 0.01 வோல்ட் தோன்றும். அதை அளந்தால் மின்னோட்டம் தெரியும். இவ்வளவு சிறிய மின்தடையில் இணைப்புக் கம்பியின் மின்தடையே பிழையாகிவிடும். ஆகவே மின்னோட்டம் செல்ல இரு முனைகளும், மின்னழுத்தம் அளக்க வேறு இரு முனைகளும் அமைக்கப்படுகின்றன. வில்லியம் தாம்சன், அதாவது கெல்வின் பிரபு, 1860களில் வகுத்த முறை இது. 1879 இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தி, கம்பியைத் தொடாமலே அதன் காந்தப்புலத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அளக்கும் உணர்விகளும் உள்ளன.

வெப்பநிலை: உலோகங்கள் சூடாகும்போது பொதுவாக அவற்றின் மின்தடை கூடும். வெள்ளி சல்பைடில் அது குறைவதை மைக்கேல் ஃபாரடே 1833 இல் கண்டார். இந்த இயல்புடைய தெர்மிஸ்டர் 1930களில் வணிகப் பொருளாயிற்று. அரிசி மணி அளவே உள்ள இதனை மின்கலத்தின் மேல் ஒட்டி வைத்தால், மின்தடை குறைவதிலிருந்து சூடு கூடுவதை அறியலாம்.

லித்தியம் மின்கலத்தின் ஆபத்து

4000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவும் 3.85 வோல்ட் மின்னழுத்தமும் கொண்ட கைப்பேசி பேட்டரியில் சுமார் 15 வாட் மணி, அதாவது ஏறக்குறைய 55,000 ஜூல் ஆற்றல் உள்ளது. பேட்டரியின் எடை 60 கிராம் என்றும், ஒரு கிராமை ஒரு டிகிரி உயர்த்த ஒரு ஜூல் தேவை என்றும் கொள்வோம். அந்த ஆற்றல் முழுவதும் உள்ளேயே வெப்பமானால் வெப்பநிலை 900 டிகிரிக்கு மேல் உயரும். இது தோராயக் கணக்குதான் என்றாலும், சட்டைப்பையில் இருக்கும் பொருளின் தன்மையை உணர்த்தப் போதுமானது. இதோடு, உள்ளிருக்கும் மின்பகுளி எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானால் ஆனது. சாதாரண ஈய அமில பேட்டரியில் மின்பகுளி நீர் கலந்த அமிலம் என்பதால் அது எரியாது.

ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970களில் லித்தியம் உலோகத்தை எதிர்மின்வாயாகக் கொண்ட மின்கலத்தை உருவாக்கியபோது ஆய்வுக்கூடத்துக்குத் தீயணைப்புப் படை பலமுறை வர நேர்ந்தது. மீண்டும் மீண்டும் மின்னேற்றும்போது லித்தியம் ஊசி போன்ற இழைகளாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்றை உண்டாக்கியது. 1989 இல் கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனத்தின் லித்தியம் உலோக மின்கலங்கள் கைப்பேசியில் தீப்பற்றியதால் அவை திரும்பப் பெறப்பட்டன.

தூய லித்தியம் உலோகத்தைத் தவிர்ப்பதே தீர்வாயிற்று. ஜான் குடினஃப் 1980 இல் கோபால்ட் ஆக்சைடு நேர்மின்வாயை அறிவித்தார். ஜப்பானைச் சேர்ந்த அகிரா யோஷினோ 1985 இல் அதனுடன் கார்பன் பொருளாலான எதிர்மின்வாயைச் சேர்த்தார். பின்னர் அவர் இருவகை மின்கலங்கள் மீதும் பெரிய இரும்புத் துண்டை விழச்செய்து சோதித்தார். லித்தியம் உலோகம் கொண்டது கடுமையாக வெடித்தது. புதிய வகை மின்கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 1991 இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

ஆபத்து குறைந்ததே தவிர நீங்கவில்லை. மின்கலம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது எதிர்மின்வாயின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கி வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் அடுத்த வினையைத் தூண்டும். அது மேலும் வெப்பம் தரும். வெளியேறும் வேகத்தைவிட வெப்பம் உண்டாகும் வேகம் மிகும்போது நிகழ்வு கைமீறிப் போகும். இதுவே வெப்பக் கட்டுமீறல். வினைகள் தம் வெப்பத்தாலேயே தொடர்வதால், அதன்பின் மின்னோட்டத்தைத் துண்டித்தாலும் பயனில்லை.

மின்கல மேலாண்மை அமைப்பு

வெப்பக் கட்டுமீறல் தொடங்கும் முன்பே தடுப்பது மின்கல மேலாண்மை அமைப்பின் பணி. மின்சார ஸ்கூட்டர் ஒன்றில் 13 மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் என்றால் மொத்தம் 54.6 வோல்ட். மின்னேற்றியும் 54.6 வோல்ட்டில் நிற்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். மின்கலங்களுள் ஒன்று கொள்ளளவு குறைந்து மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிட்டால், 12 மின்கலங்கள் 4.175 வோல்ட்டிலும் அந்த ஒன்று 4.5 வோல்ட்டிலும் இருக்கக்கூடும். மொத்தம் அதே 54.6 வோல்ட்தான். மின்னேற்றிக்கு எல்லாம் சரியாகவே தெரியும். உள்ளே ஒரு மின்கலம் மட்டும் ஆபத்தான எல்லையைத் தாண்டியிருக்கும்.

இதனால்தான் மொத்த மின்னழுத்தத்தை அளப்பது போதாது. தொடரிலுள்ள ஒவ்வொரு மின்கலத்துக்கும் தனிக் கம்பி சென்று அதன் மின்னழுத்தம் தனியே அளக்கப்படுகிறது. எந்த ஒன்றும் எல்லை மீறினால் மின்னணு நிலைமாற்றி சுற்றைத் துண்டிக்கும். முந்தி நிரம்பும் மின்கலத்திலிருந்து சிறிது ஆற்றலை வடித்து மற்றவற்றோடு சமப்படுத்துவதும் இவ்வமைப்பின் வேலை.

கீழ் எல்லையும் உண்டு. மின்கலத்தை அளவுக்கு மீறிக் காலிசெய்தால் எதிர்மின்வாயைத் தாங்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி மின்னேற்றும்போது அத்தாமிரம் வேறிடத்தில் படிந்து குறுக்குச்சுற்றை ஏற்படுத்தலாம். வெப்பநிலைக்கும் இரு எல்லைகள் உள்ளன. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் மின்னேற்றினால் லித்தியம் எதிர்மின்வாய்க்குள் புகாமல் அதன் மேல் உலோகமாகப் படியும். யோஷினோ விலக்கிய ஆபத்து இப்படித் திரும்பி வரக்கூடும்.

வேதிப்பொருளை மாற்றினால் அளவீட்டின் கடினமும் மாறும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலம் வெப்பத்தை அதிகம் தாங்கும். ஆனால் அதன் மின்னழுத்தம் பெரும்பாலான நேரம் 3.2 முதல் 3.3 வோல்ட் அளவிலேயே நிற்பதால், எவ்வளவு மின்னேற்றம் மீதியுள்ளது என்பதை மின்னழுத்தத்தைக் கொண்டு மட்டும் சொல்வது கடினம். உள்ளே சென்ற, வெளியேறிய மின்னோட்டத்தை நேரத்தோடு பெருக்கிக் கணக்கு வைக்க வேண்டும். இக்கணக்கில் சிறு பிழையும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

அளவீட்டுக்கு எட்டாத கோளாறுகள்

உற்பத்தியின்போது மின்கலத்துள் சிக்கிய உலோகத் துகள் ஒன்று மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். அது ஒருநாள் நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் இணைத்துவிட்டால், மின்னோட்டம் மின்கலத்துக்குள்ளேயே பாயும். வெளியே உள்ள ஷண்ட் அதை அறியாது. வெளிச்சுற்றைத் துண்டிப்பதாலும் அதை நிறுத்த முடியாது. இத்தகைய நிலைக்காகவும், மின்னணுச் சுற்றே பழுதாகும் நிலைக்காகவும் மின்கலத்தின் உடலிலேயே சில காப்புகள் வைக்கப்படுகின்றன.

முதலாவது, பிரிப்பான் தாள். இரு மின்வாய்களையும் பிரிக்கும் இத்தாளில் உள்ள நுண்துளைகள் வழியே அயனிகள் செல்லும். பாலிஎத்திலீன் தாள் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் உருகித் துளைகளை அடைத்துவிடும். அயனிகள் செல்ல வழியின்றி மின்கலம் தானே நின்றுவிடும். தாள் சுருங்கிக் கிழியாமலிருக்க, சுமார் 165 டிகிரியில் உருகும் பாலிபுரொப்பிலீன் அடுக்குகள் அதன் இருபுறமும் சேர்க்கப்படுவதுண்டு. பீங்கான் தூள் பூசிய தாள்களும் உள்ளன.

உருளை வடிவ மின்கலங்கள் பலவற்றின் மூடியில் மேலும் மூன்று ஏற்பாடுகள் காணப்படும். ஒரு வளையம் சூடேறும்போது மின்தடையைப் பன்மடங்கு கூட்டி மின்னோட்டத்தைக் குறைக்கும். ஒரு மெல்லிய தகடு உள்ளே வாயு அழுத்தம் கூடினால் பிரிந்து இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கும். அழுத்தம் அதற்கும் மேல் போனால், குறிப்பிட்ட இடத்தில் மூடி திறந்து வாயுவை வெளியேற்றி மின்கலம் வெடிக்காமல் காக்கும். இவற்றில் எதற்கும் மென்பொருளோ கணக்கோ தேவையில்லை.

இரண்டு நிகழ்வுகள்

2013 சனவரி 7 அன்று பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தில் லித்தியம் அயனி பேட்டரி தீப்பற்றியது. சனவரி 16 அன்று ஜப்பானில் அதே வகை விமானம் ஒன்று பேட்டரிக் கோளாறால் டகமாட்சுவில் அவசரமாகத் தரையிறங்கியது. அவ்வகை விமானங்கள் உலகெங்கும் சில மாதங்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டன. எட்டு மின்கலங்கள் கொண்ட அப்பேட்டரியில், ஒரு மின்கலத்தில் ஏற்பட்ட உள் குறுக்குச்சுற்று வெப்பக் கட்டுமீறலாகி மற்றவற்றுக்கும் பரவியதாக பாஸ்டன் நிகழ்வை விசாரித்த அமெரிக்க விசாரணை வாரியம் முடிவுசெய்தது. திருத்தப்பட்ட வடிவமைப்பில் மின்கலங்களுக்கிடையே கூடுதல் காப்பும், முழு பேட்டரிக்கும் உறுதியான எஃகுப் பெட்டியும், வாயுவை விமானத்துக்கு வெளியே செலுத்தும் குழாயும் சேர்க்கப்பட்டன. கோளாறு வராமல் பார்ப்பதோடு, வந்தாலும் பரவாமல் அடக்குவது என்ற கொள்கை இதில் வலுப்பெற்றது.

2016 இல் சாம்சங் கேலக்சி நோட் 7 கைப்பேசிகள் தீப்பற்றியதால் முதலில் திரும்பப் பெறப்பட்டு, பின்னர் உற்பத்தியே கைவிடப்பட்டது. 2017 சனவரியில் நிறுவனம் தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியில் மேல் மூலையில் எதிர்மின்வாய் வளைந்திருந்தது. மாற்றாக வந்த மற்றொரு தயாரிப்பாளரின் பேட்டரியில் பற்றவைப்பின் கூர்முனைகள் பிரிப்பானைத் துளைத்தன. இரண்டும் மின்கலத்தின் உள்ளே நேர்ந்த உற்பத்தி, வடிவமைப்புப் பிழைகள். எக்ஸ்-கதிர் ஆய்வு போன்ற சோதனைகளால் தொழிற்சாலையிலேயே இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சோதனை விதிகள்

லித்தியம் பேட்டரிகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு அனுப்ப ஐக்கிய நாடுகள் அவையின் சோதனைக் கையேட்டின் 38.3 ஆம் பிரிவில் எட்டுச் சோதனைகள் விதிக்கப்பட்டுள்ளன. குறைந்த காற்றழுத்தம், வெப்ப மாற்றம், அதிர்வு, அதிர்ச்சி, வெளிக் குறுக்குச்சுற்று, மோதல் அல்லது நசுக்கல், மிகை மின்னேற்றம், கட்டாய மின்னிறக்கம் ஆகியவை அவை. கருவிகளோடு சேராமல் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை உள்ளது. சரக்கு விமானத்தில் அவற்றின் மின்னேற்றம் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியும் அப்போது வந்தது.

இந்தியாவில் 2022 இல் மின்சார இருசக்கர வாகனங்கள் பல தீப்பற்றியதைத் தொடர்ந்து ஏ.ஐ.எஸ். 156 என்ற தரநிலை திருத்தப்பட்டது. மின்கலம், மேலாண்மை அமைப்பு, மின்னேற்றி, பேட்டரிப் பொதியின் வடிவமைப்பு ஆகியவற்றுக்கும், உள் குறுக்குச்சுற்றால் தீ பரவுவதைத் தடுப்பதற்கும் கூடுதல் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இவை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

பயன்படுத்துவோருக்கு

மேற்கண்ட இயக்கங்களை அறிந்தால் அன்றாட எச்சரிக்கைகளின் காரணம் விளங்கும்.

பொருத்தமில்லாத மின்னேற்றியைப் பயன்படுத்தினால் மின்னழுத்த எல்லை மீறப்படலாம்.

செலவைக் குறைக்க மேலாண்மை அமைப்பை நீக்கி நேரடியாக இணைத்தால், ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே கவனிக்கும் ஏற்பாடு போய்விடும். பழைய மின்கலங்களையும் புதியவற்றையும் ஒரே தொடரில் கலந்தாலும் 4.5 வோல்ட் எடுத்துக்காட்டில் கண்ட நிலையே உருவாகும்.

வீங்கிய பேட்டரியில் வாயு சேர்ந்துள்ளது. அதைக் குத்தவோ அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது.

கீழே விழுந்து நசுங்கிய பேட்டரி உடனே கெடுதல் காட்டாவிட்டாலும், உள்ளே பிரிப்பான் சேதமடைந்திருக்கலாம். மின்னழுத்தமானியில் சரியான அளவு காட்டுவதால் மட்டும் அது பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது.

மின்சார வாகனத்தை வீட்டு வாசலையோ மாடிப்படியையோ மறித்து நிறுத்தி மின்னேற்றுவதைத் தவிர்க்க வேண்டும். தீப்பற்றினால் நச்சு வாயுக்கள் வெளிவரும் என்பதால் எல்லோரும் முதலில் வெளியேற வழி திறந்திருக்க வேண்டும். அணைந்ததுபோல் தோன்றும் பேட்டரி உள்வெப்பத்தால் மறுபடி பற்றக்கூடும். அதைக் குளிர்விக்கப் பெருமளவு நீர் தேவைப்படுவதால் அப்பணியைத் தீயணைப்புத் துறையிடம் விடுவதே நல்லது.